நிற்க

பீல் நகரத்து ஆவணக் காப்பகத்தில்
வியாழன் பின்னேரங்களில் எனக்கு வேலை.
'ஏரிக்கரை மடல்', எண்பத்தாறிலிருந்து தொண்ணூற்றொன்று வரை,
ஐம்பத்துமூன்று இதழ்கள்.
ரோனியோ மை இன்னும் விரலில் ஒட்டுகிறது.
ஒவ்வொன்றுக்கும் ஜெர்மனில் நாலு வரி எழுத வேண்டும்.

ஃப்ராவ் எஷ்லிமானுக்குத் தமிழ் தெரியாது,
ஆனால் கண் கூர்மை.
"இந்தச் சொல் எல்லாப் பக்கத்திலும் வருகிறதே"
என்று பென்சிலால் தொட்டார்.
மூன்று எழுத்து, நடு எழுத்தின் தலையில் ஒரு புள்ளி.
"ஆளின் பெயரா? ஊரா?"
"வினைச்சொல். எழுந்து நில் என்கிறோமே, அந்த நில்."
சொல்லிவிட்டு வாசித்தேன்.
அந்த நில் இல்லை.

அருளப்பு மாஸ்டர்
ஹோட்டல் சமையலறையில் தட்டுக் கழுவிவிட்டு
இரவு ஒரு மணிக்கு மேல் செய்தி எழுதியவர்.
ஒரு சங்கதியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ
அவரிடம் இருந்தது இந்த ஒற்றைப் பலகைதான்.

'முகாமில் பூஞ்சணம் பிடித்த பாண் கொடுப்பதாக முறைப்பாடு.
நிற்க.
தமிழ்ப் பள்ளிக்குச் சோக்கட்டி தேவை.'

'மழை நின்றபின் உதைபந்தாட்டம் தொடர்ந்தது.
சங்கத் தலைவர் பதவிக்கு இருவர் நிற்கிறார்கள்.
மூன்றாமவர் நிற்பதாகச் சொல்லி நின்றுவிட்டார்.'

'லீஸில் நிச்சயித்த கலியாணம் நின்றது.
காரணம் கேட்டு எவரும் கடிதம் போட வேண்டாம்.'

பராசக்தி அக்காவுக்கு மூன்று தரம் கலைந்து
நாலாம் தரம் நின்றதென்று
பிறப்பு அறிவித்தலிலேயே எழுதியிருக்கிறார்,
வெட்கமில்லாத மனிசன்.

கலியாணம் நின்றால் இல்லை என்று அர்த்தம்.
கரு நின்றால் உண்டு என்று அர்த்தம்.
இதை நாலு வரியில் எந்த ஜெர்மனுக்குள் அடைப்பது?
இருபத்திரண்டு வருஷம் இந்த ஊர் மணிக்கூட்டுத் தொழிற்சாலையில்
நின்றவற்றைப் பொறுக்கி வேறு தட்டில் போட்டவள் நான்.
அங்கே நின்றது என்றால் நின்றதுதான்.

பிறகு இருபத்தொன்பதாம் இதழ், மூன்றாம் பக்கம்.

'மீசாலைச் சந்தியில் செல்வன் தவச்செல்வம் (19)
பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்டாராம். பஸ் போய்விட்டது.
நிற்க.
சந்தா பாக்கி வைத்திருப்போர் மாதமுடிவுக்குள் கட்டவும்.'

என் தம்பி.

அன்று கொதித்துப்போய் மாஸ்டருக்கு எழுதினேன்:
என் தம்பிக்கும் உங்கள் சந்தாவுக்கும் நடுவே
ஒரு சொல்லுக்குத்தான் இடமிருந்ததா?
பதில் வந்தது, பின்பக்கத்தில் ஹோட்டல் உணவுப்பட்டியல்.
'தங்கச்சி, இரண்டு தரம் நீட்டி எழுதிக் கிழித்தேன். நிற்க.
இத்துடன் இருபது பிராங்க், தம்பியைத் தேடும் தபால் செலவுக்கு.'
காசை எடுத்தேன். அவரோடு பேசவில்லை.
ஐம்பத்துமூன்றில் 'அடுத்த இதழ் வழமைபோல் வரும்' என்றிருக்கிறது.
மடல் நின்ற செய்தியைப் போட அவருக்கு மடல் இல்லை.

பென்சில் காத்திருந்தது.
ஹால்ட் என்று எழுதிக் கொடுத்தேன்.
"பொலிஸ் கத்துவதுபோல் இருக்கிறதே" என்றார் ஃப்ராவ் எஷ்லிமான்.
மூன்றாம் பக்கத்தை ஜெர்மனில் வாசித்துக் காட்டினேன்.
யன்னலுக்கு வெளியே பார்த்தபடி
மெல்லச் சொன்னார்: "இஷ் ஹால்ட் ஸோ."

கோப்பி தீர்ந்தாலும் அதைத்தான் சொல்வார்.
ரயில் பிந்தினாலும்.
தாயை அடக்கம் செய்து வந்த திங்கட்கிழமையும்
அதைத்தான் சொன்னார்.
மறிக்கிற ஹால்ட் அல்ல,
தோளைத் தூக்கி இறக்குகிற ஹால்ட்:
அப்படித்தான், என்ன செய்ய.
இத்தனை வருஷம் இந்த நாட்டில் இருந்து
இரண்டும் ஒரே சொல் என்று
எனக்கு உறைக்கவில்லை.

மாஸ்டர் எந்த ஹால்ட்டை எழுதினார்?
கேட்க ஆளில்லை.
சந்தியில் தம்பிக்குச் சொன்னவன் எதைச் சொன்னான் என்பது
எல்லோருக்கும் தெரியும்.

"பட்டியலில் சின்ன எழுத்தில் போடுங்கள்" என்றேன்.
"ஏன்?"
"பெரிய எழுத்தில் தொடங்கினால்
துவக்கோடு வந்துவிடும்."

அழித்துவிட்டுச் சின்னதாய் எழுதினார்.
ஐந்து மணி.
இன்னும் இருபத்துநாலு இதழ் கிடக்கிறது.